தொங்கும் அட்டையா, திரையில் வரும் கியூஆரா?

ஊட்டி மார்க்கெட்டில் கேரட் விற்கும் அக்காவின் தராசுக்குப் பக்கத்தில் ஒரு கியூஆர் அட்டை தொங்குகிறது. வர்க்கி வாங்கப் போகும் பேக்கரியில், பில் போட்டதும் சின்னத் திரையில் கியூஆர் தோன்றுகிறது. எது மேல்?

அட்டைக்குப் பெரிய செலவில்லை, கரண்டும் வேண்டாம். பனியிலும் மழையிலும் ஓரம் கிழிந்து கறை படிந்தாலும் பெரும்பாலும் வேலை செய்துவிடும். கியூஆர் பிறந்த இடம் அப்படி. 1994-ல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் மசாஹிரோ ஹாராவின் குழு, கார் உதிரிபாகங்களைக் கணக்கில் வைக்க இதை உருவாக்கியது. எண்ணெயும் அழுக்கும் படுகிற தொழிற்சாலை என்பதால், சிதைந்த பகுதியை மீட்டுப் படிக்க உதவும் பிழைதிருத்தம் சேர்த்தார்கள். அதை உச்ச அளவில் வைத்தால், சுமார் 30 சதவீதம் சிதைந்தாலும் படிக்கலாம்.

ஆனால் யாராவது தன் கியூஆரை அதன்மேல் ஒட்டிவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. நம் கண்ணுக்கு எல்லாக் கட்டங்களும் ஒன்றுதான். சாயங்காலம் கணக்குப் பார்க்கும்போதுதான் அக்காவுக்குத் தெரியும். ஒரு நாள் உழைப்பு போய்விடுமே என்பதுதான் என் கவலை.

திரையில் வருவது ஒவ்வொரு பில்லுக்கும் புதிது. தொகையும் உள்ளேயே இருக்கும். சிக்னல் போனால் சிக்கல்தான்.

சரி, பேக்கரிக்குத் திரை. அக்காவுக்கு அட்டையே போதும், கூடவே பணம் வந்ததைச் சொல்லும் சவுண்ட் பாக்ஸ் வேண்டும். நாமும் பின் நம்பர் போடும் முன், போனில் வரும் பேரைப் பார்த்து, "அக்கா, இந்தப் பேர்தானே?" என்று கேட்டுவிடலாம். அப்புறம், பணம் வாங்குவதற்கு யாரும் பின் போடத் தேவையில்லை. "ஸ்கேன் செய்து பின் போடுங்க, பணம் வரும்" என்று எவராவது சொன்னால் போனை வைத்துவிடுங்கள்.