காப்ரியேல் தீவுக்குத் தனிப் படகு: எட்டு மணிக்குக் கிளம்பினால் மட்டும்

தைப்பூசக் காவடிக்கு டர்பனிலிருந்தோ ரெயூனியனிலிருந்தோ சொந்தக்காரர்கள் வந்து இறங்கினால், கோயில், விருந்து, கடைத்தெரு எல்லாம் முடிந்த பிறகு வீட்டில் எழும் பேச்சு ஒன்றுதான்: கட்டமரான் என்கிற இரட்டை உடல் பாய்மரப் படகில் ஒரு நாள் போகலாமா? சரி என்று முடிவானதும் அடுத்த கேள்வி வரும். பொதுப் படகில் ஆளுக்கு இவ்வளவு என்று கொடுத்து ஏறிக்கொள்வதா, படகையே மொத்தமாகப் பேசி எடுப்பதா? மொரிஷியஸின் வடகரையில் உள்ள கிராண்ட் பேயிலிருந்து காப்ரியேல் முதலான வடக்குத் தீவுகளுக்குப் போய்வரும் தனிப் படகுச் சவாரியைப் பற்றியது இந்த மதிப்புரை. தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். காலை 8 மணிக்குக் கிளம்ப ஒப்புக்கொள்ளும் படகு கிடைத்தால் கொடுத்த காசு வீண்போகாது. ஒன்பதரைக்குத்தான் கிளம்புவேன் என்கிற படகுக்குத் தனி வாடகை கொடுப்பது தண்டம்.

காரணம் எளிது. பொதுப் படகுகள் 9 மணியிலிருந்து ஒன்பதரைக்குள் கிராண்ட் பேயை விட்டுக் கிளம்புகின்றன. காப்ரியேல் தீவுக்கு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். ஆக 11 மணிக்கு எல்லாப் படகும் அந்த ஒரே மணல்கரைக்கு முன்னால் வரிசை கட்டி நிற்கும். எட்டுக்குக் கிளம்பியவர்கள் ஒன்பதரைக்கே நங்கூரம் போட்டிருப்பார்கள். ஏறக்குறைய ஒரு மணி நேரம் கரையும் தண்ணீரும் அவர்களுக்கே. தண்ணீர் என்பதை அழுத்திச் சொல்கிறோம். நூறு பேர் நீந்துவதற்குக் காலில் மாட்டும் துடுப்புச் செருப்போடு உதைத்த பிறகு மணல் கிளம்பிக் கலங்கிவிடும். காலையில் கண்ணாடியாகத் தெரிந்த இடத்தில் நண்பகலில் மீனின் நிழல்தான் தெரியும். தனிப் படகில் நீங்கள் வாங்குவது இடத்தை அல்ல, நேரத்தை.

அடுத்தது காற்று. மொரிஷியஸில் ஆண்டின் பெரும்பகுதி வீசுவது தென்கிழக்குக் காற்று. ஜூலை, ஆகஸ்டில் அது பலமாக இருக்கும். வடகிழக்காகப் போகும்போது காற்று பக்கவாட்டில் கொஞ்சம் பின்னாலிருந்து தள்ளும். பயணம் சொகுசு. எல்லாரும் படகின் முன்பக்கத்தில் கட்டியிருக்கும் முன்வலையில் படுத்துக்கொண்டு படமெடுப்பார்கள். திரும்பும்போது அதே காற்று முன்பக்கத்திலிருந்து அடிக்கும், அதுவும் பிற்பகலில் வலுத்திருக்கும். வலை வழியாகத் தண்ணீர் வாளிவாளியாக மேலே வரும். காலையில் சிரித்தவர்கள் மாலையில் வாந்தி எடுப்பது இதனால்தான். சாப்பாட்டை பதினொன்றரைக்கு முடித்துக்கொண்டு 2 மணிக்குக் கிளம்பினால் வயிறு பாதி அடங்கியிருக்கும். 2 மணிக்குச் சாப்பிட்டு இரண்டரைக்குக் கிளம்புவது கேட்டு வாங்கும் வினை. இந்த நேரத்தையும் தனிப் படகில்தான் நீங்கள் தீர்மானிக்க முடியும்.

பெயர் நம் கட்டுமரத்திலிருந்து போனது என்றாலும், இன்றைய கட்டமரான் இரண்டு உடல்களைப் பாலம்போட்டு இணைத்த படகு. ஒற்றை உடல் பாய்மரம்போல ஒருபக்கம் சாயாது. தட்டில் வைத்த டம்ளர் அப்படியே நிற்கும். ஆனால் இரண்டு உடலும் வெவ்வேறு அலையில் ஏறி இறங்குவதால் குட்டிக்குட்டியாக வெட்டி உலுக்கும். சாயாத படகில் குமட்டாது என்று நம்பி மாத்திரை போடாமல் வருகிறவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள். சின்னரிசின் போன்ற மாத்திரையைக் கிளம்புவதற்கு 2 மணி நேரம் முன்பே போட வேண்டும். குமட்டல் தொடங்கிய பிறகு விழுங்கினால் அதுவும் சேர்ந்து வெளியே வரும். தூக்கம் வரும் மாத்திரை என்பதால் அதைப் போட்டவர்கள் ரம்மைத் தொடக்கூடாது. குழந்தைகளுக்கும் மருந்து சாப்பிட்டுவரும் பெரியவர்களுக்கும் மருந்துக்கடையில் கேட்டுக் கொடுங்கள். உட்கார வேண்டிய இடம் பின்பக்கத்தின் நடு. கண் அடிவானத்தில் இருக்கட்டும், போனில் வேண்டாம். உள்ளே இறங்கிக் கழிப்பறைக்குப் போவதைக்கூடத் தீவு வந்து நங்கூரம் போட்ட பிறகு வைத்துக்கொள்வது நல்லது.

வாடகைக் கணக்கு நேரானது. பொதுப் படகில் ஆளுக்குக் கட்டணம், தனிப் படகில் படகுக்கு. மொத்த வாடகையை உங்கள் தலைகளால் வகுத்து, பொதுப் படகின் ஆள்கட்டணத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நான்கு பேர் என்றால் பெரும்பாலும் கட்டுப்படியாகாது. இரண்டு மூன்று குடும்பம் சேர்ந்தால் வித்தியாசம் குறையும். ஆனால் உரிமத்தில் எழுதியிருக்கும் எண்ணிக்கை வரை ஆளை ஏற்றாதீர்கள். நிழல் விழும் இடம் பின்கூரைக்குக் கீழேதான். எல்லாரும் ஒரே நேரத்தில் நிழலில் உட்கார முடியாத படகு, நம் ஊர் வெயிலில் அரை நாள் தாங்காது. சுற்றுலா ஆணையத்தின் உரிமத்தைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். படகை நடத்தும் நல்ல ஸ்கிப்பர் முகம் சுளிக்க மாட்டார்.

தண்ணீருக்குள் பார்க்க மாட்டிக்கொள்ளும் கண்ணாடி முகமூடி விஷயத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் நாள் கெடுவது பெரும்பாலும் இங்கேதான். படகில் ஒரு கூடை நிறைய முகமூடி இருக்கும். பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து, மூக்கால் லேசாக மூச்சை இழுங்கள். கையை எடுத்தாலும் அது விழாமல் ஒட்டி நின்றால் அது உங்களுடையது. விழுந்தால் அடுத்ததை எடுங்கள். பட்டையை இறுக்கிச் சரிசெய்யலாம் என்பது தவறு. இறுக்க இறுக்க ரப்பர் விளிம்பு மடங்கி இன்னும் ஒழுகும். விளிம்புக்குள் ஒரு முடி மாட்டினாலும் தண்ணீர் வழிந்தபடியே இருக்கும். மீசைக்காரர்கள் மேலுதட்டில் வாசலின் தடவிக்கொள்ளலாம். கண்ணாடி மங்காமல் இருக்கக் குழந்தைகளுக்கான ஷாம்பு ஒரு துளியை உட்புறம் தேய்த்து ஒருமுறை மட்டும் அலசினால் போதும். முகத்தில் பூசிய சன்ஸ்கிரீன் வழிந்து கண்ணில் இறங்குவது தனிக் கொடுமை. நெற்றியில் பூசாமல் தொப்பி வைத்துக்கொள்ளுங்கள். முதுகுக்கும் பின்தொடைக்கும் முழுக்கை நீச்சல் சட்டையும் முழங்கால்வரை கால்சட்டையும் எந்தக் களிம்பையும்விட மேல். குப்புற மிதக்கும்போது வேகிற இடங்கள் அவை.

துடுப்புச் செருப்பு குதிகாலில் ஆடக்கூடாது, விரலை நெருக்கவும் கூடாது. நீச்சல் தெரியாதவர்கள் மிதவை அங்கி போட்டுக்கொண்டு, முதலில் இடுப்பளவு தண்ணீரில் நின்று முகத்தை மட்டும் நனைத்து, வாயில் கவ்வும் மூச்சுக்குழாய் வழியாக இருபது மூச்சு விட்டுப் பழக வேண்டும். படகின் படியிலிருந்து நேரே ஆழத்தில் இறக்கிவிடும் பணியாளரை நம்பாதீர்கள். குழந்தைகளின் அங்கியில் கால்நடுப் பட்டை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் தண்ணீரில் குதித்ததும் அங்கி காதுவரை ஏறும், குழந்தை கீழே நழுவும்.

காப்ரியேல் தீவுக்கும் பிளாட் தீவுக்கும் இடையே நீரோட்டம் ஓடும். இறங்கியதும் ஓட்டத்துக்கு எதிராக நீந்துங்கள். களைத்த பிறகு அதுவே உங்களைப் படகுக்குக் கொண்டுவந்து சேர்க்கும். மாறிச் செய்தவர்களைச் சின்னப் படகு அனுப்பித்தான் கூட்டிவர வேண்டியிருக்கும். அதனால் பணியாளர் ஒருவர் தண்ணீரிலும், ஆளோடு ஒரு சின்னப் படகு பக்கத்திலும் இருக்க வேண்டும் என்று முன்பே பேசிவிடுங்கள்.

என்ன தெரியும்? மஞ்சளில் கறுப்புக் கோடு போட்ட சார்ஜென்ட் மீன்கள், பட்டாம்பூச்சி மீன், ஊதுகுழல்போல நீண்ட மீன், மணலில் கிடக்கும் கடல் அட்டை. கிளிமீன் கூட்டத்துக்குப் பக்கத்தில் உதைப்பதை நிறுத்திச் சும்மா மிதந்து பாருங்கள். கரக், கரக் என்று கல்கண்டு கடிப்பதுபோல ஒரு சத்தம் கேட்கும். இறந்த பவளத்தின்மேல் படர்ந்த பாசியை அது அலகால் சுரண்டித் தின்கிறது. கொஞ்ச நேரத்தில் வாலுக்குப் பின்னால் வெள்ளையாக ஒரு தூள் புகைபோல இறங்கும். பவளக்கடல்களின் வெள்ளை மணலில் ஒரு பங்கு இந்தத் தூள்தான். மீன் வரட்டும் என்று ரொட்டியைப் பிய்த்துப் போடும் பழக்கம் சில படகுகளில் உண்டு. வேண்டாம் என்று சொல்லுங்கள். ரொட்டிக்கு மொய்ப்பவை சண்டைக்கார மீன்கள், மற்றவை ஒதுங்கிவிடும்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பவளத்துக்காக மட்டும் போகிறவர்களுக்கு இந்தச் சவாரி நடுத்தரம்தான். அதற்குத் தென்கிழக்கில் ப்ளூ பே இருக்கிறது. 2000-இல் கடல் பூங்காவாக அறிவிக்கப்பட்டு, 2008-இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்த இடம். வடக்குச் சவாரியின் பலம் பாய்மரமும் தீவும்.

தீவில் கடையோ குடிநீரோ எதிர்பார்க்காதீர்கள். ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர், ரப்பர் அடிச் செருப்பு, ஒரு துண்டு. பாறையோரத்தில் செருப்பில்லாமல் நடக்கவே கூடாது. கடல் முள்ளெலியும், கல்லோடு கல்லாகக் கிடக்கும் லாஃப் என்ற விஷ மீனும் உண்டு. லாஃப் குத்தினால், தாங்கக்கூடிய அளவு சூடான நீரில், ஏறக்குறைய 45 டிகிரி, அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் காலை வைத்து, நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும். படகில் அடுப்பு இருப்பதால் வெந்நீருக்குக் குறையில்லை. வலியில் காலுக்குச் சூடு சரியாகத் தெரியாது என்பதால் அதைக் கூட இருப்பவர் கைவிட்டுப் பார்த்துச் சொல்லட்டும்.

எதிரே தெரியும் பிளாட் தீவின் கலங்கரை விளக்கம் 1855-இல் கட்டியது. அடுத்த ஆண்டு, 1856-இல், கல்கத்தாவிலிருந்து இரண்டு கப்பலில் வந்த ஒப்பந்தக் கூலிகளைக் காலரா அச்சத்தால் போர்ட் லூயிக்குள் விடாமல் இந்தக் காப்ரியேல் தீவில் இறக்கினார்கள். இருநூறு பேருக்கு மேல் இங்கேயே மாண்டார்கள். சேதி இந்தியாவை எட்டியதும் மொரிஷியஸுக்கு ஆள் அனுப்புவதே சில காலம் நிறுத்தப்பட்டது. நிழலும் தண்ணீரும் இல்லாத அதே மணலில்தான் நாம் துண்டு விரிக்கிறோம். கூட வரும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிவிட்டு விளையாட விடுங்கள். சிப்பியும் பவளத்துண்டும் பொறுக்கி வரக்கூடாது என்பதையும் அப்போதே சொல்லிவிடலாம்.

சாப்பாட்டில் தனிப் படகுக்கு நிறைய மதிப்பெண் உண்டு, கேட்டால். வழக்கமான பட்டியல் சுட்ட மீன், கோழி, சாசேஜ், கோஸ் சாலட், ரொட்டி, பீனிக்ஸ் பீர், ரம். சுடும் அடுப்பு பின்கம்பியில் தொங்கும். நங்கூரம் போட்ட படகு மூக்கைக் காற்றுக்குக் காட்டி நிற்பதால் புகை பின்னால் போய்விடும். புகை ஒத்துக்கொள்ளாதவர்கள் முன்வலைக்குப் போய்விடலாம். காவடி விரதம், புரட்டாசி என்று சைவம் காப்பவர்கள் உண்டென்றால், முன்பதிவின்போதே தனிப் பாத்திரம், தனி இடுக்கி, காய்கறியைச் சுட அலுமினியத்தாள் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். சைவம் என்று மட்டும் சொன்னால், கோழி சுட்ட கம்பியிலேயே கத்தரிக்காயையும் வைப்பார்கள். இன்னும் நிம்மதி வேண்டுமென்றால் புளிச்சோறும் காத்தோ பிமாவும் வீட்டிலிருந்தே கொண்டுபோய்விடுங்கள். பருப்பு வடைதானே அது, ஆறினாலும் கெடாது.

பெரியவர்களுக்கு ஒரு தடை இருக்கிறது: ஏறுவது. கட்டமரான் கரைக்கு அருகே வராது. சின்னப் படகில் கொண்டுபோய் பின்படியில் ஏற்றுவார்கள். அலை தூக்கும்போது கால் வைக்க வேண்டும், இறங்கும்போது அல்ல. புடவையில் அது முடியாது, சுடிதார் வசதி. முழங்கால் வலி உள்ள பாட்டிக்கு, ஆகஸ்டில் இந்தத் திசையே வேண்டாம். மேற்கில் மலை மறைக்கும் பெனித்தியே தீவுப் பக்கம் குளிர்காலத்திலும் கடல் சாந்தமாக இருக்கும். காற்றும் வெயிலும் மிதமாக இருக்கும் மாதங்கள் ஏப்ரல், மே, பிறகு அக்டோபர், நவம்பர். ஜனவரி, பிப்ரவரியில் கடல் 27, 28 டிகிரிக்கு வெதுவெதுப்பாக இருக்கும். ஆனால் புயல் காலம்.

ஆகவே முன்பணம் கொடுக்குமுன் எழுத்தில் வாங்க வேண்டியவை: கிளம்பும் நேரம், திரும்பும் நேரம், எரிபொருளும் தீவுக்கு இறக்கிவிடுவதும் வாடகையில் அடக்கமா என்பது, காற்று அதிகமானால் யார் முடிவு செய்வது என்பது. கடைசியானதில்தான் தகராறு வரும். வடக்கே போக முடியாத நாளில் விரிகுடாவுக்குள்ளேயே ஒரு சுற்று சுற்றிவிட்டு முழு வாடகை கேட்பவர்கள் உண்டு. வக்வா வானிலை நிலையம் பெரும் அலை எச்சரிக்கை விடுத்தால் பணம் திரும்ப, இல்லையேல் வேறு தேதி, முடிவு நம்முடையது என்று எழுதி வாங்குங்கள். எச்சரிக்கை இல்லாவிட்டாலும் முன்னறிவிப்பில் காற்றின் வேகம் 20 நாட் (மணிக்கு ஏறக்குறைய 37 கிலோமீட்டர்) தாண்டினால் குழந்தைகளோடு தீவுகளுக்குப் போகும் கால்வாயைக் கடக்க நாங்கள் சொல்ல மாட்டோம்.

திரும்பும் வழியில் குவேன் த மீர் என்ற பாறைத் தீவுக்கு அடியில் பத்து நிமிடம் நிறுத்தச் சொல்லுங்கள். பீரங்கியைக் குறிவைக்க அடியில் செருகும் ஆப்பின் பெயர் அது. 160 மீட்டருக்கு மேல் உயர்ந்த அந்தப் பாறை அப்படியேதான் சரிந்து நிற்கிறது. அதன் மறைவில் காற்று சட்டென்று அடங்கும். நனைந்த சட்டையை மாற்றவும் போனைப் பைக்குள் கட்டவும் அதுதான் சமயம். அண்ணாந்து பார்த்தால், பாறைப் பொந்துகளிலிருந்து நீண்ட வால்கொண்ட வெள்ளைப் பாயாங்கே பறவைகள் இறங்கி வட்டமடிக்கும். பாறையைத் தாண்டியதும் முதல் அலை முன்வலை வழியாக ஏறும். அதற்குள் எல்லாரும் பின்பக்கம் வந்திருக்க வேண்டும்.