கோதுமைக்குக் கதவு திறப்பதா, சாத்துவதா?

1815-இல் பிரிட்டன் ஒரு தானியச் சட்டம் போட்டது. உள்நாட்டில் ஒரு குவார்ட்டர் கோதுமை (ஏறக்குறைய 218 கிலோ) 80 ஷில்லிங்கைத் தொடும்வரை வெளிநாட்டுக் கோதுமையை விற்கக் கூடாது. இதில் எதிரெதிராக நின்ற இரு பொருளியலாளர்கள் நெருங்கிய நண்பர்கள்: சட்டத்தை எதிர்த்த டேவிட் ரிக்கார்டோ, ஆதரித்த தாமஸ் மால்தஸ்.

ரிக்கார்டோவின் கணக்கு இப்படி ஓடும். இறக்குமதியைத் தடுத்தால் மட்டமான நிலத்தையும் உழ வேண்டிவரும். அங்கே விளைவிக்கச் செலவு கூடும், விலை ஏறும். நல்ல நிலம் வைத்திருப்பவருக்கோ உட்கார்ந்த இடத்திலேயே குத்தகை உயரும். ரொட்டி விலை ஏறினால் கூலியையும் ஏற்றியாக வேண்டும். கடைசியில் அடி வாங்குவது ஆலை முதலாளியின் லாபம். முதலீடு நின்றால் தொழில் வளர்ச்சியும் நிற்கும்.

மால்தஸுக்குச் சோற்றுக்கு அடுத்த நாட்டை நம்புவதே ஆபத்தாகப் பட்டது. போர் வந்தால் என்ன செய்வது? அப்புறம், நிலக்கிழார்கள் செலவு செய்தால்தானே ஆலைச் சரக்கு விற்கும் என்றும் பின்னாளில் வாதிட்டார்.

வேடிக்கை என்னவென்றால், அப்போது நிலம் வாங்கிப் போட்டிருந்தவர் ரிக்கார்டோ. மால்தஸ் கல்லூரிப் பேராசிரியர். சொந்த லாபத்துக்கு எதிராகப் பேசியவரின் வாதம்தான் எனக்கு வலுவாகத் தெரிகிறது. ஆனால் சரக்கை வாங்க ஆள் வேண்டுமே என்ற மால்தஸின் கவலையை 1930-களின் பெருமந்தத்தில் (உலகப் பொருளாதார வீழ்ச்சியில்) பொருளியலாளர் கெய்ன்ஸ் தூசிதட்டி எடுத்தார். சட்டம் 1846-இல்தான் ரத்தானது. ரிக்கார்டோ இறந்து 23 ஆண்டுகள் ஆகியிருந்தன.