மேட்ரிஸ் 350 ஆர்டிகே: சுரங்கத்துக்கும் மின்தடத்துக்கும் எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

டிஜேஐ நிறுவனத்தின் மேட்ரிஸ் 350 ஆர்டிகே ட்ரோன் 2023 மே மாதம் வெளிவந்தது. ஆர்டிகே என்பது தரையில் நிறுத்திய தளநிலையம் அனுப்பும் திருத்தத்தைக் கொண்டு, ட்ரோன் தன் இருப்பிடத்தைச் சென்டிமீட்டர் அளவில் அறியும் முறை. திறந்தவெளிச் சுரங்க அளவீடு, மின்கடத்தல் தடச் சோதனை, சோலார் பண்ணை ஆய்வு என்று மூன்று வேலைக்கும் ஒரே ட்ரோன் போதும். அடியில் மாட்டும் கருவியை மட்டும் மாற்றினால் சரி. இதை வாங்க முதல் காரணம் அதுதான். பறக்கும் பகுதியைப் பொறுத்தவரை பெரிய குறை சொல்ல முடியாது. இதை வைத்துப் போட்ட கணக்கு தவறும்போது, பழுது பெரும்பாலும் தரையில்தான் இருக்கும். உயர ஆதாரம் (உயரத்தை எங்கிருந்து அளக்கிறோம் என்பது), கட்டுப்பாட்டுப் புள்ளி (முன்பே அளந்து குறித்த தரைப்புள்ளி), கரி அல்லது மண் குவியலின் அடிப்பரப்பு ஆகிய மூன்றில் ஒன்று பிசகியிருக்கும்.

இரண்டு டிபி65 பேட்டரிகளோடு எடை 6.47 கிலோ. அதிகபட்சப் புறப்பாட்டு எடை 9.2 கிலோ. நிறுவனம் சொல்லும் 55 நிமிடம் வெறும் உடலுக்கானது. அளவீட்டுக்கான பி1 கேமராவோ, லேசர் ஒளியால் தூரம் அளக்கும் எல்2 லைடாரோ தொங்கினால், திரும்பி இறங்கக் கால் பங்கு மின்னை ஒதுக்கியபின், ஒரு பறத்தலுக்கு 30 நிமிடம் என்று திட்டமிடுவதே நிம்மதி. பேட்டரிகளுக்கு ஜோடி எண் எழுதி ஒட்டி, அதே ஜோடியாகவே ஏற்றி இறக்க வேண்டும். புதியதும் பழையதும் கலந்தால் இரண்டின் மின்னழுத்தமும் ஒத்துப்போகாது. பலவீனமான பேட்டரிதான் பறக்கும் நேரத்தைத் தீர்மானிக்கும். ஒன்றைக் கழற்றி மாற்றும்போது மற்றது கருவியை உயிரோடு வைத்திருப்பதால் ஆர்டிகே இணைப்பை முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. வெயில் காலத்தில் இறங்கிய கையோடு சார்ஜில் போட்டால் ஏறாது. பேட்டரியின் சூடு 40 டிகிரிக்குக் கீழே தணிய வேண்டும். சார்ஜர் பெட்டிக்கு நிழல் கட்டாயம்.

உடலுக்கு ஐபி55 தரத்தில் தூசு, நீர்ப் பாதுகாப்பு உண்டு என்பதைப் பார்த்துவிட்டு மழையில் எழுப்பிவிடக் கூடாது. பி1 கேமராவின் தரம் ஐபி4எக்ஸ், அதாவது நீருக்கு எதிரான பாதுகாப்பு எதுவும் அதற்கு அளிக்கப்படவில்லை. வெப்பம் காட்டும் எச்20டி கேமராவுக்கு ஐபி44, எல்2வுக்கு ஐபி54. எது மாட்டியிருக்கிறதோ அதன் தரம்தான் அன்றைய வரம்பு.

இரும்புத்தாதுச் சுரங்கத்திலும் உயரழுத்தக் கம்பி அருகிலும் திசைகாட்டி தடுமாறும். இரட்டை ஆன்டெனா வழியாகத் திசையை அறியும் வசதி இங்கே உண்மையாகவே காப்பாற்றுகிறது. ஆர்டிகே நிலையாகப் பூட்டியிருக்கும்வரை, அதாவது திருத்தம் சரியாகக் கிடைத்து இருப்பிடம் உறுதிப்பட்டிருக்கும்வரை, காந்தக் குழப்பம் பெரிதாகப் பாதிக்காது. ஆகவே பூட்டு விழுந்தபின் எழுப்புவதுதான் ஒழுங்கு. திசைகாட்டிச் சரிபார்ப்பை டம்பர் லாரி, கன்வேயர் சட்டம் இவற்றிலிருந்து விலகிப்போய்ச் செய்ய வேண்டும்.

இனிச் சுரங்கம். 35 மி.மீ. லென்ஸோடு பி1, 100 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு பிக்சலுக்கு ஏறக்குறைய 1.25 செ.மீ. தரும். ஒரு படம் தரையில் 103 மீட்டருக்கு 68 மீட்டர். அடுத்தடுத்த படங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும் அளவை, அதாவது மேற்பொருத்தத்தை, முன்பின் 80 விழுக்காடும் பக்கவாட்டில் 70 விழுக்காடும் வைத்தால் வரிகளுக்கிடையே 31 மீட்டர் இடைவெளி. ஒரு சதுர கிலோமீட்டருக்கு 33 வரி, சுமார் 2,400 படங்கள். நொடிக்கு 12 மீட்டர் வேகத்தில் நேர்வரிகளுக்கு மட்டும் 46 நிமிடம் ஆகும். திருப்பங்களையும் சேர்த்தால் இரண்டு ஜோடி பேட்டரி. அதே வேகத்தில் ஷட்டர் 1/1000 நொடி என்றால் படம் ஒரு பிக்சல் அளவு இழுபடும், ஷட்டரை அதைவிட மெதுவாக விடக் கூடாது. நிலக்கரி கறுப்பு, தானியங்கி வெளிச்சம் அதைச் சாம்பலாக்கப் பார்த்து ஷட்டரை மெதுவாக்கும், பக்கத்து மணல் வெளுத்துப்போகும். ஷட்டர் முன்னுரிமையில் வைத்து, ஐஎஸ்ஓ ஏறினாலும் பரவாயில்லை என்று விடுவதே மேல்.

குவியலின் கொள்ளளவில் பணமே புழங்குகிறது என்பதால் இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். அடிப்பரப்பு 10,000 சதுர மீட்டர் கொண்ட குவியலில் உயரம் ஒட்டுமொத்தமாக 5 செ.மீ. பிசகினால் 500 கன மீட்டர் கூடும் அல்லது குறையும். கன மீட்டருக்கு 0.85 டன் அடர்த்தியுள்ள நிலக்கரி என்றால் அது 425 டன். இந்தப் பிசகு பெரும்பாலும் மூன்று வழிகளில் நுழைகிறது. முதலாவது, ஆர்டிகே தருவது எலிப்சாய்டு உயரம், அதாவது பூமிக்குக் கணிதத்தில் வகுத்த வழவழப்பான வடிவத்திலிருந்து அளந்த உயரம். சுரங்கத்தின் வரைபடமோ கடல்மட்ட உயரத்திலோ சொந்த அளவுகோலிலோ இருக்கும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு இடத்தைப் பொறுத்துப் பத்து பத்து மீட்டராகப் போகும். அவ்வளவு பெரிய தவறு உடனே கண்ணில் பட்டுவிடும். எலிப்சாய்டு உயரத்தைக் கடல்மட்ட உயரமாக மாற்றும் ஜியாய்டு மாதிரி தவறாக இருப்பதாலோ தளநிலையத்தின் ஆன்டெனா உயரத்தைச் சரியாக எழுதாததாலோ வரும் 10 செ.மீ. பிசகுதான் யாருக்கும் தெரியாமல் கணக்கில் உட்கார்ந்துகொள்ளும். இரண்டாவது, அடிப்பரப்பு. குவியல் கொட்டும் முன் தளத்தை ஒருமுறை பறந்து பதிவு செய்திருந்தால் அதையே அடியாக எடுக்கலாம். இல்லையென்றால் மென்பொருள் விளிம்புப் புள்ளிகளை இணைத்து ஒரு தட்டையான அடியை ஊகிக்கும். தளம் நடுவில் குழிந்திருந்தால் அந்தக் கரி கணக்கில் வராது. மூன்றாவது அடர்த்தி. அது ட்ரோனுக்குத் தெரியாத சங்கதி. ஈரமும் புல்டோசர் அமுக்கமும் அதை மாற்றும். கொள்ளளவைத் துல்லியமாக அளந்துவிட்டுப் பழைய அடர்த்தி எண்ணால் பெருக்கினால் உழைப்பெல்லாம் வீண்.

ஆர்டிகே இருந்தாலும் தரைப்புள்ளிகளை விட்டுவிடக் கூடாது. குறைந்தது ஐந்து: நான்கு மூலையில், ஒன்று நடுவில். பெஞ்சுகள் (படிக்கட்டு போல வெட்டிய தட்டுகள்) பல தளமாக இறங்கும் குழியில் மேல் தளத்திலும் அடித்தளத்திலும் தனித்தனியாக வேண்டும். இவை தவிர, கணக்கீட்டில் சேர்க்காத சோதனைப் புள்ளிகள் மூன்று நான்கு வைத்து அவற்றின் உயர வேறுபாட்டை அறிக்கையில் எழுத வேண்டும். விற்பனைத் தாளில் உள்ள 1.5 செ.மீ. செங்குத்துத் துல்லியம் ஆன்டெனாவின் இருப்பிடத்துக்கானது. உங்கள் குவியலுக்கானது அல்ல.

தரையைப் பின்தொடர்ந்து பறக்கும் வசதியில் ஒரு பொறி இருக்கிறது. இணையத்தில் கிடைக்கும் உலகளாவிய தரைமாதிரிகள் பழையவை. அவற்றில் ஒன்றான எஸ்ஆர்டிஎம், விண்வெளி ஓடத்திலிருந்து ரேடாரால் 2000 பிப்ரவரியில் எடுத்தது. இன்று 60 மீட்டர் உயரத்தில் நிற்கும் மேல்மண் குவியல் அதில் சமதரை. அதை நம்பி 50 மீட்டரில் அனுப்பினால் ட்ரோன் மண்ணில் மோதும். முதலில் உயரத்திலிருந்து ஒருமுறை வேகமாகப் பறந்து புதிய தரைமாதிரி தயாரித்து, அதை ஏற்றிய பிறகே தாழப் பறக்க வேண்டும். வெடிவைப்புக்குப் பின் குழியின் வடிவம் மாறிவிடும், அந்த மாதிரியும் பழசாகிவிடும். வெடி நேரத்தில் எங்கே, எவ்வளவு தள்ளி நிற்கலாம் என்பதைச் சுரங்கத்தின் வெடிப் பொறுப்பாளர் சொன்ன பிறகே கன்ட்ரோலரை இயக்க வேண்டும்; ரேடியோ அலைக்கும் டெட்டனேட்டருக்கும் இடையிலான பாதுகாப்புத் தூரம் அவர் கையில் உள்ள விதி.

எல்2 லைடார் புதர் மூடிய சரிவுக்கும் கம்பித் தடத்துக்கும் ஏற்றது. ஒரு துடிப்புக்கு ஐந்து எதிரொலிவரை பதிவு செய்வதால் இலைகளுக்கு அடியில் உள்ள மண்ணும் கிடைக்கிறது. வெறும் குவியலுக்கு மட்டும் இதை வாங்கத் தேவையில்லை, பி1 போதும். நனைந்த கரியிலும் தேங்கிய நீரிலும் ஒளி திரும்பாது, அந்த இடங்கள் ஓட்டையாக வரும். பெரிய குறை வேறொன்று: இதன் மூலத்தரவைப் புள்ளிமேகமாக (தரையின் முப்பரிமாணப் புள்ளிகளின் தொகுப்பாக) மாற்ற அதே நிறுவனத்தின் டெர்ரா மென்பொருள் வேண்டும். உரிமச் செலவையும் சேர்த்தே விலையைக் கணக்கிடுங்கள்.

மின்தடச் சோதனைக்கு எச்20டி. இதன் தெர்மல் படம் 640×512, லென்ஸ் 13.5 மி.மீ. 15 மீட்டர் தொலைவில் ஒரு பிக்சல் 13 மி.மீ. இடத்தைப் பார்க்கிறது. வெப்பநிலையை நம்பிப் படிக்கக் குறைந்தது மூன்றுக்கு மூன்று பிக்சல் வேண்டும் என்பதால், 4 செ.மீ.க்குச் சிறிய ஜாயின்ட்டின் சூடு உண்மையைவிடக் குறைவாகவே தெரியும். 1280×1024 தரும் எச்30டி கேமரா இங்கே தெளிவாக மேல். எண்ணை அப்படியே எடுத்துக்கொள்வதும் ஆபத்து. புத்தம் புதிய அலுமினியம் பளபளப்பாக இருப்பதால் வானத்தின் குளிரைப் பிரதிபலித்துக் காட்டும். அதனால் ஒரே வகைக் கிளாம்ப்புகளை மூன்று பேஸிலும் ஒப்பிட்டுப் பார்ப்பதே நம்பகமான வழி. வெப்ப உயர்வு ஏறக்குறைய மின்னோட்டத்தின் இருமடிப் பெருக்கத்தில் போகும். பாதிச் சுமையில் 10 டிகிரி கூடுதலாகக் காட்டும் ஜாயின்ட், முழுச் சுமையில் 40 டிகிரியை நெருங்கலாம். பறந்த நேரத்தின் ஆம்பியர் அளவைத் துணைமின்நிலையத்திலிருந்து வாங்கி எழுதாத தெர்மல் அறிக்கையால் பயனில்லை. காற்று பலமாக அடித்தால் பழுது குளிர்ந்து மறையும். உயரழுத்தக் கம்பியைச் சுற்றிக் காற்றில் மின் கசியும் கொரோனாக் கசிவு இந்தக் கேமராக்களில் தெரியாது. அதற்குப் புறஊதாக் கேமரா தனியே வேண்டும்.

தடை உணரும் கேமராக்கள் மெல்லிய கம்பியைக் காணாது. தனியாக விற்கும் ரேடார் சற்று உதவும் என்றாலும், கோபுரத்தின் உச்சியில் ஓடும் பூமிக்கம்பிக்கு மேலே ஏறி, பக்கவாட்டில் விலகி நின்று, ஜூம் வழியாகப் பார்ப்பதுதான் பழக வேண்டிய முறை.

சோலாருக்கு, பேனல்களைத் தெர்மல் கேமராவால் சோதிப்பதற்கான சர்வதேசத் தரமான ஐஇசி 62446-3 விதியைப் பிடித்துக்கொண்டால் போதும்: பேனல் தளத்தில் சதுர மீட்டருக்கு 600 வாட் வெயில், ஒரு பிக்சலுக்கு 3 செ.மீ. எச்20டிக்கு அது சுமார் 33 மீட்டர் உயரம்.

நிலத்தடிக் குகை, கொதிகலன் உட்புறம், அரவை உருளை இவற்றுக்கு இது ஆகாது. கூண்டுக்குள் பறக்கும் எலியோஸ் 3 போன்ற ட்ரோன்கள் அதற்கானவை. மீத்தேன் சேரும் இடத்திலும் இதை எழுப்பக் கூடாது; வெடிவாயுச் சூழலுக்கான கருவி இது அல்ல.

2025இல் வந்த மேட்ரிஸ் 400, 6 கிலோ சுமந்து, கம்பியையும் லைடாரால் உணர்கிறது. மின்தடமே முழுநேர வேலை என்றால் அதற்குப் போவது நியாயம். சுரங்க அளவீடு மட்டும் என்றால் 350 போதும். மிச்சப் பணத்தில் நான்கு ஜோடி பேட்டரி, இரண்டு செட் இறக்கை, நல்லதொரு தளநிலையம், அதை நிறுத்த கான்கிரீட் தூண் ஒன்று.