பூம்பாறை என்று சொல்லிக் காட்டோரத்தில் இறக்கிவிடுகிறார்கள், உஷார்

கொடைக்கானல் டவுன் நெரிசல் வேண்டாம், பக்கத்து மலைக்கிராமமான பூம்பாறையில் தங்கி மன்னவனூர், கூக்கால் பக்கம் சுற்றலாம் என்று நினைப்பவர்கள் அட்வான்ஸ் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

"ஊருக்குள்ளேயே ஹோம்ஸ்டே, குழந்தை வேலப்பர் கோயிலுக்கு நடந்தே போகலாம்" என்றுதான் நாங்கள் பார்த்த விளம்பரம். படத்தில் அடுக்கடுக்காகப் பூண்டு வயல். (ரோட்டோர வியூபாயிண்டில் நின்றால் யாருக்கும் கிடைக்கிற படம்தான் அது.) ஜிபேயில் பாதிப் பணம் போனது. லொகேஷன் கேட்டால், "வந்துட்டுக் கூப்பிடுங்க சார், ஆள் அனுப்புறோம்."

வந்த ஆள், ஊரைத் தாண்டி மன்னவனூர் ரோட்டில் ஒரு மண்பாதை பிரியும் இடத்தில் காரை ஓரங்கட்டச் சொன்னார். "இதுக்கு மேல உங்க வண்டி ஏறாது, ஜீப்தான்." ஜீப்பும் அவர்களுடையதே. ஏற 800, இறங்க 800. அறை வாடகை வெறும் தூண்டில், வியாபாரமே ஜீப்தான். பக்கத்தில் பெட்டிக்கடைகூடக் கிடையாது என்பதால் ஆறிப்போன சப்பாத்திக்கும் அவர்கள் சொன்னதுதான் விலை. கம்பளியை விரித்தால் பூஞ்சை வாடை. வெந்நீர் கேட்டதற்கு, பையன் வாளியில் ஹீட்டர் கம்பியைத் தொங்கவிட்டு, பிளக் இல்லாத ஒயரைத் தீக்குச்சி வைத்து சாக்கெட்டில் சொருகினான். என் மாமியார் குளிக்கவே மாட்டேன் என்றுவிட்டார்.

இ-பாஸுக்கென்று தனியாக 300 வாங்கினார்கள். 2024 மே முதல் கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் இ-பாஸ் கட்டாயம்தான். ஆனால் அரசு தளத்தில் நாமே எடுத்தால் பைசா செலவில்லை.

அப்புறம் ட்ரெக்கிங். "பர்மிஷன் எல்லாம் நாங்க பார்த்துக்குவோம்." வனத்துறை சீட்டைக் காட்டுங்கள் என்றால் மழுப்பல். 2018-ல் குரங்கணிக் காட்டுத் தீயில் ட்ரெக்கிங் போனவர்கள் அத்தனை பேர் இறந்த பிறகும் இப்படிக் கூப்பிடத் துணிச்சல் வருகிறது! நாங்கள் போகவில்லை.

கோயில் பக்கத்து டீக்கடையில் விஷயத்தைச் சொன்னதும், "உங்களையும் மேல கூட்டிட்டுப் போயிட்டாங்களா?" என்றார் கடைக்காரர். ஊருக்குள் ஒழுங்கான வீடுகள் இருக்கின்றன என்று கை நீட்டிக் காட்டவும் செய்தார். புக் செய்யும் முன் வீடியோ காலில் வாசலில் நின்று தெருவைக் காட்டச் சொல்லுங்கள். மன்னவனூர், கிளாவரை பஸ் போகும் ரோட்டிலிருந்து நடக்கிற தூரம்தானா என்று கேளுங்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "தங்கினீங்கல்ல சார்?" என்று பதில் வந்தது. இப்போது வேறு பெயரில், அதே பூண்டு வயல் படத்தோடு விளம்பரம் ஓடுகிறது.