ஒரு பெயரடைக்கு ஒரு மாதம்: கல்லடியில் நடைபெறும் ஆங்கில வகுப்பு

மட்டக்களப்பில் ஆங்கில வகுப்புகளுக்குக் குறைவில்லை. மூன்று மாதத்தில் சரளமாகப் பேசலாம் என்று உறுதியளிக்கும் சுவரொட்டிகள் அரசடியிலிருந்து கல்லடிப் பாலம் வரை வழிநெடுக ஒட்டப்பட்டிருக்கின்றன. இவற்றுக்கிடையே எந்த விளம்பரமும் இல்லாமல், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தமது வீட்டு விறாந்தையில் சனிக்கிழமை பிற்பகல்களில் வளர்ந்தோருக்கு நடத்தும் வகுப்பைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். விறாந்தையில் பதினைந்து பேருக்கு மேல் அமர இடமில்லை என்பதால் பெயரையும் முகவரியையும் வெளியிட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். வகுப்பின் முறை மட்டும் பலருக்கும் தெரியவேண்டிய ஒன்று என்பது என் உறுதியான கருத்து.

இலக்கணப் பாடங்கள் ஒருபுறம் வழக்கம்போல நடக்க, அவற்றுடன் ஒவ்வொரு மாதமும் ஆங்கிலத்தின் மிகச் சாதாரணமான ஒரு பெயரடையை அவர் எடுத்துக்கொள்கிறார். நான் படித்த தவணையில் மிகுந்த பயன் தந்தது 'ஃபெயார்' என்ற சொல். இதை நாம் எல்லோரும் பாடசாலையிலேயே 'நியாயமான' என்று கொப்பியில் எழுதி மனனம் செய்திருக்கிறோம். அந்த ஒரு பொருளை மட்டும் வைத்துக்கொண்டு அலுவலகக் கடிதமொன்றையோ வானிலை அறிக்கையையோ வாசிக்கத் தொடங்கினால் இரண்டாவது பந்தியிலேயே தடுக்கி நிற்க நேரிடும். ஆசிரியை முதல் நாளில் பலகையில் எந்தப் பொருளையும் எழுதவில்லை. அவரவர் தொழிலிலோ வீட்டிலோ இச்சொல் எங்கே வருகிறது என்று பார்த்து, அந்த வாக்கியத்தை அப்படியே ஒரு துண்டுத் தாளில் எழுதிவருமாறு மட்டும் சொன்னார்.

அடுத்த வாரம் வந்த தாள்களே பாடநூலாயின. கூட்டுறவுச் சங்கமொன்றில் கணக்கு எழுதுபவர் கணக்காய்வாளர் அறிக்கையிலிருந்து 'ட்ரூ அன்ட் ஃபெயார் வியூ' என்ற தொடரைக் கொண்டுவந்திருந்தார். நீதிமன்றத்தில் எழுதுவினைஞராகப் பணிபுரியும் இளைஞர் இலங்கை அரசியலமைப்பின் 13(3) ஆம் உறுப்புரையில் வரும் 'ஃபெயார் ட்ரயல்' என்பதை எழுதிவந்தார். ஏறாவூரிலிருந்து வரும் தாய் ஒருவர் தம் மகனின் தேர்ச்சி அறிக்கையில் சித்திரப் பாடத்துக்கு நேரே அந்த ஒற்றைச் சொல் மட்டும் எழுதப்பட்டிருந்ததைக் காட்டினார். காத்தான்குடி வியாபாரி ஒருவர் கடையறை வாடகை ஒப்பந்தத்திலிருந்து 'ஃபெயார் வெயார் அன்ட் டெயார்' என்பதைப் பிரதிசெய்திருந்தார். இவற்றோடு வானிலை அறிவிப்பும் மணமகள் தேவை விளம்பரமும் இருந்தன.

ஆசிரியையின் முறை இங்கேதான் தனித்துத் தெரிகிறது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அவர் கேட்டது ஒரே கேள்வி: இந்த இடத்தில் இச்சொல்லுக்கு எதிர்ச்சொல் எது? நீதிமன்ற விசாரணைக்கும் விளையாட்டுக்கும் 'அன்ஃபெயார்' பொருந்துகிறது. கிரிக்கெட் விதிகளில் 41 ஆம் விதியின் தலைப்பே 'அன்ஃபெயார் பிளே' என்பதுதான். காற்றுக்கும் வானத்துக்கும் அது பொருந்தாது. அங்கே எதிர்ச்சொல் 'ஃபவுல்'. நிறத்துக்கு 'டார்க்'. கையெழுத்துப் பிரதியில் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதிய செம்மைப்படி 'ஃபெயார் கொப்பி' ஆகிறது; அதற்கு எதிர் 'ரஃப்'. கூட்டத்துக்குக் கணிசமானவர்கள் வந்தார்கள் என்பதற்கு 'ஃபெயார் நம்பர்' என்று சொன்னால், அதற்கு எதிராகச் சிலரே வந்தார்கள் என்றுதான் சொல்ல முடியுமே தவிர, அநியாயமானவர்கள் வந்தார்கள் என்று சொல்ல முடியாது. இவ்வாறு எதிர்ச்சொல் மாறுகிற இடத்திலெல்லாம் பொருளும் மாறியிருக்கிறது என்பதை அவர் விளக்காமலேயே நாங்கள் கண்டுகொண்டோம். அகராதியில் ஒன்று, இரண்டு, மூன்று என்று இலக்கமிட்டுத் தரப்படும் பொருள்களை மனனம் செய்வதற்கும், பொருளைப் பிரிக்கும் கருவியொன்றைக் கையில் பெறுவதற்கும் உள்ள வேறுபாட்டை நான் அன்றுதான் முழுமையாக உணர்ந்தேன்.

ஏறாவூர்த் தாயின் தாளில்தான் வகுப்பு அதிக நேரம் நின்றது. ஆசிரியர் பிள்ளைக்கு நியாயமாகப் புள்ளி வழங்கியிருக்கிறார் என்று அவர் அதுவரை எண்ணியிருந்தார். தேர்ச்சி அறிக்கையில் அச்சொல் 'குட்' என்பதற்குக் கீழேயும் 'புவர்' என்பதற்கு மேலேயும் நிற்கும், ஓரளவு என்ற பொருளுடையது. பாராட்டுப் போல ஒலித்தாலும் அது பாராட்டன்று. பெற்றோர் கூட்டத்துக்குப் போகும் எந்தத் தாய் தந்தையரும் இந்த ஒரு வேறுபாட்டை அறிந்திருப்பது அவசியம்.

கணக்காய்வு அறிக்கைத் தொடரும் அவ்வாறே எங்கள் எண்ணத்தைத் திருத்தியது. ஒவ்வொரு சதமும் சரி என்று கணக்காய்வாளர் சான்றளிப்பதாகவே கணக்கு எழுதுபவர் உட்பட எல்லோரும் நினைத்திருந்தோம். வாசிப்பவரைத் தவறான முடிவுக்கு இட்டுச்செல்லக்கூடிய பெரிய பிறழ்வு எதுவும் இல்லாமல் நிறுவனத்தின் நிதிநிலை காட்டப்பட்டிருக்கிறது என்பதே அத்தொடரின் கருத்து. வாடகை ஒப்பந்தத் தொடரை விளக்க அதிக நேரம் தேவைப்படவில்லை: முறையாகப் பயன்படுத்தும்போது இயல்பாக ஏற்படும் தேய்மானத்துக்கு வாடகையாளர் பொறுப்பில்லை. இதைக் கேட்டதும் வியாபாரியின் முகத்தில் தெரிந்த நிம்மதியைப் பார்த்தே அந்த ஒப்பந்தம் எவ்வளவு காலம் அவர் மனத்தில் கிடந்திருக்கிறது என்று ஊகிக்க முடிந்தது.

வானிலை அறிவிப்பு, வடகீழ்ப் பருவமழையில் வாழும் நமக்கு வெறும் மொழிப் பயிற்சியன்று. வளிமண்டலவியல் திணைக்களத்தின் ஆங்கில அறிக்கைகளில் 'ஃபெயார்லி ஹெவி' என்று வருவதைத் தமிழ் அறிக்கைகள் 'ஓரளவு பலத்த மழை' என்று தருகின்றன. பெயரடை வினையடையாகும்போது அது நிற்கும் இடமே பொருளைத் தீர்மானிக்கிறது. வினைச்சொல்லுக்குப் பின்னால் வந்து, எங்களை 'ஃபெயார்லி' நடத்தினார்கள் என்று சொன்னால் நேர்மையாக நடத்தினார்கள் என்று பொருள். இன்னொரு பெயரடைக்கு முன்னால் வந்தால் ஓரளவு என்று பொருள். இரண்டு வரிகளில் அடங்கும் இந்த விதியை இத்தனை தெளிவாக வேறு எந்த வகுப்பிலும் நான் கேட்டதில்லை. தமிழிலும் நல்ல மழை, நல்ல தூரம், நல்ல அடி என்றெல்லாம் சொல்லும்போது நன்மை எங்கே இருக்கிறது என்று அவர் திருப்பிக் கேட்டார். பல பொருள்கள் ஒரு சொல்லில் குடியிருப்பதை ஆங்கிலத்தின் தனிக் கோளாறாக நினைக்கும் எண்ணம் அதோடு வகுப்பிலிருந்து போய்விட்டது.

மணமகள் தேவை விளம்பரத்தை அவர் இறுதி வாரத்துக்கென்று ஒதுக்கிவைத்தார். பழைய ஆங்கிலத்தில் இச்சொல் அழகான, இனிமையான என்ற பொருளிலேயே வழங்கியது என்றும், வெளிர்நிறம் என்ற பொருள், எந்த நிறம் அழகு என்று அச்சமூகம் கொண்டிருந்த விருப்பத்திலிருந்து பின்னர் வந்து ஒட்டிக்கொண்டது என்றும் விளக்கினார். கிரானிலிருந்து வரும் மாணவி ஒருத்தி, "ரீச்சர், அப்ப நிறம் குறைஞ்ச ஆக்கள் வடிவில்லையா?" என்று நேரே கேட்டாள். "இல்ல மகள், அது அவங்கட விருப்பம். சொல்ல எடுத்தா விருப்பத்தையும் எடுக்கோணும் எண்டு கட்டாயமில்லை" என்று ஆசிரியை பதிலளித்தார். ஒருவரை அடையாளம் கூறவேண்டிய இடத்தில் நிறத்தைக் குறிப்பதற்கு அச்சொல்லைப் பயன்படுத்தலாம், ஒருவரைப் புகழ்வதற்கு அதை எடுக்காதீர்கள் என்று அவர் வகுத்துத் தந்த எல்லை மிகத் தெளிவானது. பல நாடுகளில் விற்பனையாகும் முகப்பூச்சு ஒன்று 2020 ஆம் ஆண்டில் இச்சொல்லைத் தன் பெயரிலிருந்து நீக்கி 'குளோ அன்ட் லவ்லி' என்று மாறியதையும் அவர் நினைவூட்டினார். மொழிப் பாடத்தில் இத்தகைய கேள்விக்கு இடம் கொடுக்கும் ஆசிரியரை நான் மதிக்கிறேன்.

நம் நாட்டில் வாரச்சந்தையை ஆங்கிலத்தில் 'வீக்லி ஃபெயார்' என்று எழுதுவது வழக்கம். அது வேறு சொல். விடுமுறை நாளைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்து எழுத்தில் ஒன்றாகிவிட்டது. வகுப்பில் இதற்குச் சில நிமிடங்களே செலவாயின, அதுவே போதுமானது.

குறைகளையும் சொல்லவேண்டும். இவ்வளவு நுணுக்கமாக வாசிக்கக் கற்பிக்கும் வகுப்பு, காதால் கேட்பதற்குப் பயிற்சி தருவதே இல்லை. பஸ் கட்டணத்தைக் குறிக்கும் சொல்லும் இந்தப் பெயரடையும் ஒரே மாதிரி ஒலிப்பவை. பேச்சில் இரண்டையும் பிரித்தறியச் சூழலைக் கவனிப்பதைத் தவிர வேறு வழியில்லை. அதற்கு ஒலிப்பதிவுகளைக் கேட்பித்துப் பழக்கவேண்டும். ஆசிரியையிடம் ஒலிபெருக்கி ஒன்றுகூட இல்லை. பேச்சுப் பயிற்சிக்கு ஒதுக்கப்படும் கடைசி அரைமணி நேரமும் பெரும்பாலும் விளக்கத்திலேயே கரைந்துவிடுகிறது. 'ஃபெயார் இனஃப்' என்று, மற்றவர் சொன்னதை ஏற்றுக்கொள்ளும்போது கூறும் தொடரை எழுதத் தெரிந்த நாங்கள், அதை உரையாடலில் இயல்பாகச் சொல்லிப் பார்க்க வாய்ப்புப் பெறவில்லை. அச்சிட்ட குறிப்புகளும் தரப்படுவதில்லை. வராத வாரத்துக்கு மற்றவர் கொப்பியைத்தான் கேட்டு வாங்கவேண்டும்.

வினைத்திறன் தடைதாண்டல் பரீட்சைக்கோ க.பொ.த. சாதாரண தரத்துக்கோ விரைவாக ஆயத்தமாக விரும்புவோர் வேறு வகுப்பைத் தேடுவது நல்லது, ஏனெனில் இங்கே கடந்தகால வினாத்தாள்கள் செய்விக்கப்படுவதில்லை. அலுவலகக் கடிதம், ஒப்பந்தம், அறிக்கை என்று ஆங்கிலத்தை அன்றாடம் வாசிக்கவேண்டியவர்களுக்கும், ஓரளவு தெரிந்த ஆங்கிலத்தை நம்பிக்கையுடன் பயன்படுத்தத் தயங்குபவர்களுக்கும் இதைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். மாதக் கட்டணம் 2,000 ரூபாய். பெறுகிற பயனோடு ஒப்பிடுகையில் அது மிகக் குறைவு. முதல் வகுப்புக்குக் கட்டணம் இல்லை. அடுத்த தவணைக்கு 'ஹார்ட்' என்ற பெயரடையை எடுத்திருப்பதாக அறிவித்திருக்கிறார். சேர விரும்புவோர் அச்சொல் வரும் வாக்கியமொன்றைத் தம் தொழிலிலிருந்து எழுதிக்கொண்டு போகவேண்டும். மாரிகாலத்தில் பிற்பகல் மழை கனத்தால் விறாந்தை நனைந்து வகுப்பு நின்றுவிடும். தூர இடங்களிலிருந்து வருவோர் புறப்படுமுன் தொலைபேசியில் கேட்டுக்கொள்வது நல்லது.