விலங்கு முக வளையம்: அசலா, நகலா?

சீனத்து ஹான் காலத்தில் (கி.மு. 206 – கி.பி. 220) கதவிலும் சவப்பெட்டியிலும் பதித்த, வாயில் வளையம் கவ்விய விலங்கு முகத்துக்குப் 'பூஷௌ' என்று பெயர். வெண்கல வார்ப்பு, சிலவற்றில் பொன்முலாமும் உண்டு. பழையதை வாங்குவதா, புதிய நகலையா?

விலை:
அசல் – முலாம் மிஞ்சியிருந்தால் எகிறும்.
நகல் – உலோக எடையும் வேலைக்கூலியும்தான்.

சட்டம்:
அசல் – சிக்கலே இங்கேதான். 1911க்கு முந்தைய தொல்பொருளைச் சீனா பொதுவாக வெளியே விடுவதில்லை. தாங் அரசமரபுக் காலம் (கி.பி. 618–907) வரையிலான சீன அகழ்வுப் பொருட்களுக்கு அமெரிக்காவும் 2009இல் இறக்குமதிக் கட்டுப்பாடு விதித்தது. முந்தைய உரிமையாளர்களின் ஆவணம் இல்லையென்றால், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள்.
நகல் – நகல் என்று சொல்லி விற்றால் தொல்லையில்லை.

பராமரிப்பு:
அசல் – குளோரைடு உப்பு ஏறிய வெண்கலம் ஈரக்காற்றில் வெளிர்பச்சைத் தூளாக உதிரும். உலர்ந்த கண்ணாடிப் பெட்டி வேண்டும்.
நகல் – துணியால் துடைத்தால் போதும்.

வாசற்கதவுக்கு நகல்தான். இரண்டாயிரம் ஆண்டுப் பழமையைப் பால்காரர் தட்டுவதற்கு மாட்டிவைக்க எனக்கு மனம் வராது. ஆவணமும் பணமும் பொறுமையும் உள்ள சேகரிப்பாளர் அசலைத் தேடலாம்.