அமெரிக்கத் துறைமுகங்களில் யார் தூர்வாருவது?

வெளிநாட்டில் கட்டிய கப்பல் அமெரிக்காவில் தூர்வாரினால் பறிமுதல் என்று 1906-இல் போட்ட சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. 1900 புயலில் சிதைந்த கால்வெஸ்டன் நகரை மண் கொட்டி உயர்த்திக்கொண்டிருந்த நான்கு அயல்நாட்டுக் கப்பல்களுக்கு மட்டும் அதே சட்டம் விலக்குத் தந்தது. ஆத்திர அவசரத்துக்கு அந்நியக் கப்பல் வேண்டியிருந்தது!

இதைத் தளர்த்த, யூட்டா செனட்டர் மைக் லீ 2021-இல் மூன்று மசோதாக்களை முன்வைத்தார். முதலாவது, தடையை அடியோடு நீக்குவது. இரண்டாவது, நேட்டோ நாடுகளின் கப்பல்களுக்கும் இடம் தருவது. மூன்றாவது, கப்பல் எங்கே கட்டப்பட்டிருந்தாலும் கொடியும் மாலுமிகளும் அமெரிக்காவுடையதாக இருந்தால் விடுவது. பழைய சட்டத்தை அப்படியே வைத்திருப்பது நான்காவது வழி.

தடையை நீக்கச் சொல்பவர்கள் முதலில் காட்டுவது கப்பலின் அளவை. பெல்ஜியத்தின் யான் டி நுல் நிறுவனத்திடம் 46,000 கன மீட்டர் மண் கொள்ளும் கப்பல்கள் இரண்டு உண்டு. 2017-இல் வந்த அமெரிக்கக் கப்பலான எல்லிஸ் ஐலண்டின் கொள்ளளவு ஏறக்குறைய அதில் கால் பங்கு. ஆனால் அந்தப் பெல்ஜியக் கப்பல் முழுச் சுமையோடு 15 மீட்டருக்கு மேல் அமிழும். 2022-இல் ஆழப்படுத்தி முடித்த, ஜார்ஜியா மாநிலத்தின் சவானா துறைமுகத்துக்குப் போகும் கால்வாயின் ஆழமே 47 அடி, அதாவது சுமார் 14.3 மீட்டர்தான். அரைச் சுமையோடு ஓட்டுவதற்கு அவ்வளவு பெரிய கப்பல் எதற்கு?

உண்மையான நெருக்கடி எண்ணிக்கையில் இருக்கிறது. உறிஞ்சு குழாயைக் கடலடியில் இழுத்துச் சென்று, மண்ணைத் தன் வயிற்றிலேயே நிரப்பிக்கொள்ளும் கப்பல்கள் அமெரிக்காவில் கொஞ்சம்தான். குழாயின் வாயில் கடலாமைகள் சிக்குவதால், தென்கிழக்குக் கடற்கரையில் நெடுங்காலம் குளிர்கால மாதங்களில் மட்டுமே அவற்றுக்கு வேலை. எல்லாத் துறைமுகங்களும் ஒரே பருவத்தில் அதே சில கப்பல்களைக் கேட்டால் ஒப்பந்த விலை ஏறாமல் என்ன செய்யும்? பழைய சட்டத்தைக் காப்பவர்களிடம் இதற்குச் சரியான பதிலை நான் பார்த்ததில்லை.

அவர்களுடைய இன்னொரு கவலையைத் தள்ளிவிட முடியாது. தடையை முற்றிலும் நீக்கினால் சீன அரசு நிறுவனங்களும் வரலாம். தென்சீனக் கடலில் பவளப்பாறைகள் மீது தீவு எழுப்பியவர்களை எந்தத் துறைமுகமும் யோசித்துத்தான் அழைக்கும். நேட்டோ வழி அந்த அச்சத்தைப் போக்குகிறது. பெல்ஜியம், நெதர்லாந்து இரண்டும் அதில் இருப்பதால் தூர்வாருவதில் உலகின் முன்னணி நிறுவனங்களும் உள்ளே வந்துவிடும். ஆனால் வேறெங்காவது கூடுதல் கூலி கிடைத்தால் அந்தக் கப்பல்கள் அங்கே போய்விடும்; புயல் அடித்த மறுவாரம் கையில் இருக்குமா என்பது சந்தேகம்.

அதனால் என் ஓட்டு மூன்றாவதற்கு. ஐரோப்பாவில் கட்டிய நடுத்தரக் கப்பலை வாங்கி, அமெரிக்கக் கொடி ஏற்றி ஓட்டலாம். மாலுமிகளின் வேலை போகாது, முதல் போட்ட கப்பலும் உள்ளூரிலேயே நிற்கும். நட்டம் கப்பல் கட்டும் தளங்களுக்குத்தான். மசோதாவை அவர்கள் எதிர்த்தால் அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.